கண்டி இராச்சியமும் கடலுரிமையும்

மலைசூழ் கண்டியில் வாழும் நாம் கடலுரிமையைப் பற்றிச் சிந்திப்பது அரிது. ஆயினும் இவ்விராச்சியம் நலிந்தமைக்குக் கடலை இழந்ததும் ஒரு காரணமாகும்.

கடல் யாவர்க்கும் பொது, வணிகத்தைத் தடுக்க எவர்க்கும் உரிமையில்லை என்று 1609இல் நூலெழுதி நாட்டினார் ஒல்லாந்த அறிஞர் ஹூகோ குரோசியஸ். போர்த்துக்கேயரின் தனியுரிமையை மறுத்த அவர், இலங்கைக்குச் சொந்த அரசர் உண்டென்பதையும் எடுத்துக்காட்டினார்.

1638இல் இரண்டாம் இராஜசிங்க மன்னர் ஒல்லாந்தரோடு உடன்படிக்கை செய்தார். 1658இல் போர்த்துக்கேயர் முற்றாக வெளியேறினர். ஆனால் வென்ற ஒல்லாந்தரோ கறுவா வணிகத்தைத் தமக்கே உரியதாக்கிக் கொண்டனர். 1766 பெப்ரவரி 14ஆம் நாள் உடன்படிக்கையால், நாயக்க மரபினரான கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கரிடமிருந்து தீவின் கரை முழுவதையும் பெற்றனர். மலைநாட்டார் உப்பெடுப்பதற்கும் அவ்வுடன்படிக்கையின் இசைவு வேண்டியதாயிற்று.

தமக்கு வேண்டியபோது நீதி, பிறர் கேட்கும்போது பீரங்கி! வலியார்க்கும் எளியார்க்கும் ஒன்றாய் நிற்பதே நீதியென்பதை நம் வாலிபர் உளங்கொள்வோமாக.