திண்ணையே பட்டறை

வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் அரசர்களையும் போர்களையும் பற்றியே எழுதுகின்றனர். ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டு வாயிலில் சாக்கை விரித்து, எண்ணெய்க் கறை படிந்த கையோடு ஒருவன் செய்யும் வேலைக்கும் ஒரு வரலாறு உண்டு. மோட்டார் சைக்கிளை வீட்டிலேயே பிரித்துப் பழுது பார்க்கும் பழக்கம் அத்தகையது. நம் சங்கத்தின் ஆண்டு மலரில் அதனை எடுத்துரைக்க நாம் முற்பட்டதற்குக் காரணம் உண்டு. தங்க வயல் தமிழனுக்குச் சுரங்கம் ஒரு கைத்திறனைத் தந்தது. சுரங்கம் மூடப்பட்ட பின்னும் அத்திறன் உயிர் பிழைத்திருந்த இடங்களுள் ஒன்று வீட்டுத் திண்ணை.

தோட்டத்தில் பிறந்த வண்டி

மோட்டார் சைக்கிள் எந்தப் பெரிய தொழிற்சாலையிலும் பிறந்ததன்று. ஜெர்மனியில் கான்ஸ்டாட் என்னும் ஊரில், காட்லீப் டைம்லர் என்பார் தம் வீட்டுத் தோட்டத்துக் கண்ணாடி அறையையே பட்டறையாக்கிக்கொண்டார். துணைக்கு இருந்தவர் வில்ஹெல்ம் மேபாக். இரவும் பகலும் உள்ளிருந்து தட்டும் ஒலி கேட்கவே, இவர்கள் கள்ள நாணயம் அடிக்கின்றனர் என்று ஐயுற்ற தோட்டக்காரன் காவலரிடம் சொல்லிவிட்டான். காவலர் புகுந்து பார்த்தபோது அங்கே இருந்தவை எஞ்சின் உறுப்புகளே! 1885-ஆம் ஆண்டில், மரச் சட்டத்தில் அரைக் குதிரைத் திறன் எஞ்சினைப் பொருத்திய வண்டி அவ்வறையிலிருந்து வெளிவந்தது. உலகில் பெட்ரோலால் ஓடிய முதல் மோட்டார் சைக்கிள் என அறிஞர் பலர் ஏற்பது அதனையே.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பான் நாடு சாம்பலாய்க் கிடந்தது. 1946-ஆம் ஆண்டில் சோயிசிரோ ஹோண்டா, படையினர் வானொலிக் கருவிக்கு மின்சாரம் தரப் பயன்படுத்திக் கைவிட்ட சிறு எஞ்சின்களை வாங்கி, மிதிவண்டிகளில் பூட்டி விற்றார். அச்சிறு முயற்சியின் வளர்ச்சியை உலகம் அறியும்.

கோவை தந்த சான்று

கடல் கடந்து சென்றுதான் சான்று தேட வேண்டும் என்பதில்லை. கோவை மாவட்டத்துக் கலங்கல் என்னும் சிற்றூரில் 1893-ஆம் ஆண்டில் பிறந்த ஜி. டி. நாயுடு அவர்களுக்குப் பள்ளிப் படிப்பில் நாட்டமில்லை. ஒரு நாள் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ரட்ஜ் என்னும் மோட்டார் சைக்கிளில் வரக் கண்டார். மாடும் குதிரையும் இன்றித் தானே ஓடும் அவ்வண்டி அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. கோவைக்குச் சென்று உணவு விடுதியில் பரிமாறும் வேலை பார்த்துப் பணம் சேர்த்தார். ரட்ஜ் வண்டியை வாங்கினார். வாங்கியவர் அதில் ஏறி ஊர் சுற்றினாரா? இல்லை. ஆணி ஆணியாகக் கழற்றினார், மீண்டும் பூட்டினார். அதுவே அவருடைய பொறியியற் கல்லூரி. 1920-ஆம் ஆண்டில் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரு பேருந்து ஓட்டத் தொடங்கிப் பெரும் போக்குவரத்து நிறுவனத்தையே கட்டி எழுப்பினார். 1937-ஆம் ஆண்டில் உள்நாட்டிலேயே மின் மோட்டார் செய்த முன்னோடிகளுள்ளும் அவர் ஒருவர். இத்தனைக்கும் வித்து, ஒரு பழைய வண்டியைப் பிரித்துப் பார்க்க அஞ்சாத துணிவு.

தங்க வயலின் கைத்திறன்

1880-ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் இங்கே கால் வைத்த பின், வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து நம் முன்னோர் பிழைப்புத் தேடி வந்தனர். 1894-ஆம் ஆண்டில் பௌரிங்பேட்டையிலிருந்து ரயில் பாதை வந்தது. 1902-ஆம் ஆண்டில் சிவசமுத்திரத்திலிருந்து ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தொலைவு கம்பி வழியாக மின்சாரம் வந்தது. மின்சாரம் வந்ததும் விசைப் பொறிகள் பெருகின. பூமிக்கடியில் 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்திற்கு ஆட்களை இறக்கி ஏற்றிய ஊர் இது. இங்கே ஓர் ஆணி தளர்ந்தால் உயிர் போகும். ஆகவே பிட்டரும் டர்னரும் வெல்டரும் எலெக்ட்ரீஷியனும் அளவு பிசகாத கையுடையோராய் உருவாயினர்.

அக்கைகளுக்கு ஏற்ற வண்டி பின்னர் வாய்த்தது. 1955-ஆம் ஆண்டில் சென்னையில் என்பீல்டு இந்தியா தோன்றி, திருவொற்றியூரில் புல்லட் வண்டி உருவாகத் தொடங்கியது. 1961-ஆம் ஆண்டில் மைசூரில் ஐடியல் ஜாவா தொழிற்சாலை இயங்கத் தொடங்கியது. பின்னர் யெஸ்டி எனப் பெயர் பெற்ற அவ்வண்டிகளின் உற்பத்தி 1996-ஆம் ஆண்டில் நின்றது. இவ்விரண்டும் பிரித்துப் பார்ப்பவனை வெறுக்காத வண்டிகள்.

நம் தந்தையார் சுரங்கப் பட்டறையில் பிட்டராக இருந்தவர். அவருடைய பழைய புல்லட்டே நமக்கு அரிச்சுவடி. முதற் பாடம் உதைத்துக் கிளப்புவது. வலிமையுள்ளவன் கிளப்பிவிடலாம் என்று எண்ணினால் கிக்கர் திருப்பியடித்துக் காலைப் பதம் பார்க்கும். கிக்கரை மெல்ல அழுத்தி வர வேண்டும். பாயிண்ட் திறக்கும் இடத்தில் அம்மீட்டர் முள் நடுவுக்கு வரும். உடனே டீகம்ப்ரஸரை இழுத்துப் பிஸ்டனை மேல் முனைக்குச் சற்று அப்பால் கடத்த வேண்டும். பிறகு அதை விட்டுவிட்டு ஒரே உதை. வண்டி கிளம்பிவிடும். உள்ளே கண்ணுக்குத் தெரியாமல் நடப்பதை முள்ளைக் கொண்டு அறிவதே அப்பாடத்தின் உட்பொருள்.

இரண்டாம் பாடம் பாயிண்ட். உப்புத்தாளால் அதன் முகத்தைத் தேய்த்து, இடைவெளியை 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் நிறுத்த வேண்டும். மூன்றாம் பாடம் டாப்பெட். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, புஷ் ராட் மேலும் கீழும் ஆடக் கூடாது. விரலால் சுற்றினால் தடையின்றிச் சுழல வேண்டும். "கண் பொய் சொல்லும், விரல் சொல்லாது" என்பார் தந்தையார்.

2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. தந்தையார் தம் கருவிகளைப் பட்டறையில் ஒப்படைத்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பினார். மூன்று நாள் யாரோடும் பேசவில்லை. நான்காம் நாள் காலை, பழுதேதும் இல்லாத புல்லட்டைத் திண்ணையருகே நிறுத்தி, எஞ்சினை முழுவதும் பிரித்தார், துடைத்தார், மாலைக்குள் பூட்டினார். ஏன் பிரித்தீர்கள் என்று தாயார் கேட்கவில்லை, நாமும் கேட்கவில்லை. அதன்பின் அண்டை வீட்டார் வண்டிகளும் அத்திண்ணைக்கு வரலாயின.

மாற்றி அமைத்தலின் எல்லை

பழுது பார்ப்பது வேறு, மாற்றி அமைப்பது வேறு. நியூசிலாந்து நாட்டு பர்ட் மன்ரோ, 1920-ஆம் ஆண்டு இந்தியன் வண்டி ஒன்றைத் தம் கொட்டகையில் பல்லாண்டுகள் திருத்தி வந்தார். பிஸ்டன்களைத் தாமே வார்த்தார். 1967-ஆம் ஆண்டில், தம் 68-ஆம் வயதில், அமெரிக்காவின் உப்புப் பாலையில் மணிக்கு 183 மைலுக்கு மேற்பட்ட வேகத்தில் ஓட்டிச் சாதனை படைத்தார். அவ்வெற்றிக்கு முன் உடைந்து போன உறுப்புகளுக்குக் கணக்கில்லை. அவர் ஓட்டியது பந்தயத் திடலில். நாம் ஓட்டுவது பிள்ளைகள் நடமாடும் தெருவில்.

இளமையில் நாமும் ஒரு மாற்றம் செய்தோம். ஒலி கம்பீரமாக இருக்கட்டும் என்று சைலன்சரின் உட்குழாயைக் கழற்றி எறிந்தோம். கார்புரேட்டரைத் தொடவில்லை. காற்று மிகுந்து, பெட்ரோல் குறைந்து, எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடேறியது. சில வாரங்களில் புகைபோக்கி வால்வு கருகியது. தந்தையார் ஒரு சொல்லும் கடிந்து கூறவில்லை. கருகிய வால்வை நம் கையில் வைத்து, "ஒன்றை மாற்றினால் மற்றொன்று கேட்கும்" என்றார். அதனினும் பெரிய பாடம் நாம் எந்தப் பள்ளியிலும் பயின்றதில்லை.

சட்டமும் இன்று அதனையே வற்புறுத்துகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் வகுத்தவற்றுக்கு மாறுபடும் வகையில் வண்டியை மாற்றலாகாது என்று உச்ச நீதிமன்றம் 2019-ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது.

இனிச் செய்ய வேண்டுவது

2020-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் பி.எஸ்.-6 புகைக் கட்டுப்பாடு நடைமுறைக்கு வந்தது. புதிய வண்டிகளில் கார்புரேட்டர் பெரும்பாலும் மறைந்து, பெட்ரோலை அளந்து செலுத்தும் மின்னணுக் கருவி இடம் பெற்றுள்ளது. காற்றுக்குக் கேடு குறைந்தது, அதை வரவேற்கிறோம். ஆயினும் திண்ணை வேலை முற்றும் ஒழிந்துவிடவில்லை. சங்கிலியை இறுக்குவதும், பிரேக்கைச் சரி பார்ப்பதும், எண்ணெய் மாற்றுவதும், பிளக்கைத் துடைப்பதும் இன்றும் வீட்டிலேயே ஆகக்கூடியவை.

ரயில்வே ஊழியராகிய நாம் நாள்தோறும் காணும் காட்சி ஒன்று உண்டு. விடியுமுன் நம் இளைஞர்கள் ரயிலடியில் வண்டியை நிறுத்திவிட்டுப் பெங்களூர் வண்டியில் ஏறுகின்றனர். இரவில் களைத்துத் திரும்புகின்றனர். மழை நாளில் வண்டி கிளம்பாவிட்டால், தள்ளிக்கொண்டே நடக்கின்றனர். பிளக்கைக் கழற்றித் துடைத்தால் போதும் என்பதை அவர்களுக்குச் சொல்வார் இல்லை. அவர்தம் பாட்டன்மார் பாதாளத்தில் பொறிகளைக் காத்தவர்கள்!

ஆகவே நம் சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். மாதத்தில் ஒரு ஞாயிறு, சங்கக் கட்டடத்து முற்றத்தில் ஒரு பழைய வண்டியும் ஒரு ஸ்பானர் பெட்டியும் இருக்கட்டும். பட்டறை கண்ட முதியோர் நாற்காலியில் அமரட்டும். பிள்ளைகள் ஆணும் பெண்ணுமாய்க் கழற்றிப் பூட்டட்டும். தங்கம் எடுத்த மண்ணில் தங்கம் எடுப்பது நின்றது. தங்கம் எடுத்த கை நின்றுவிடலாகாது. அம்முதியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். நம் தந்தையாரும் இன்று இல்லை. அவருடைய ஸ்பானர்கள் நம்மிடம் உள்ளன. முதல் ஞாயிற்றுக்கு அவற்றை நாமே கொண்டுவந்து வைக்கிறோம்.