எரிபொருட் செலவு அலகுகள்

மோட்டார் வாகனம் கொள்ளும் எரிபொருளுக்கும் கடக்கும் தூரத்துக்குமுள்ள சம்பந்தத்தை உரைப்பவை. இந்தியாவில் ‘மைலேஜ்’ என வழங்கும் லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்பதும், பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பிரசித்தமான காலனுக்கு இத்தனை மைல் என்பதும் தூரத்தைப் பிரதானமாக்க, ஐரோப்பாக் கண்டத்து வழக்கமான 100 கிலோமீட்டருக்கு இத்தனை லிட்டர் என்பதோ செலவையே பிரதானமாகக் கொள்கிறது. 100-ஐ நம் மைலேஜால் வகுக்க அது கிடைக்கும். பிரிட்டிஷ் காலன் 4.546 லிட்டரும் அமெரிக்கக் காலன் 3.785 லிட்டருமாகையால், மைல் கணக்கைக் கொண்டு முறையே 282.5, 235.2 என்னும் எண்களை வகுத்தல் வேண்டும். லிட்டருக்கு 10 கிலோமீட்டர் என்பது 20 ஆக உயர்ந்தால் 100 கிலோமீட்டரில் 5 லிட்டர் மிச்சமாக, 20 என்பது 30 ஆகும்போதோ ஏறக்குறைய 1.7 லிட்டரே மிச்சமாகும். இவ்வுண்மையை மறைப்பதே மைலேஜ் கணக்கின் பெருங்குறை.