கமிஷன் போன வழி

ஆஸ்திரேலியாவில் ஒருகாலத்தில் வீட்டுக் கடன் என்றால் வங்கி மேலாளரைத்தான் பார்க்க வேண்டும். 1992-ல் ஜான் சைமண்ட் தொடங்கிய ஆஸி ஹோம் லோன்ஸ் போன்ற நிறுவனங்கள் வந்தபின் தரகர்கள் பெருகினர். நிதி ஆலோசகர்களும் இத்தொழிலில் இறங்கியதற்கு வாடிக்கையாளரின் வசதி மட்டும் காரணமல்ல. முதலீட்டு ஆலோசனையில் புதிய கமிஷன்களுக்கான தடை 2013 ஜூலையில் கட்டாயமானது. வீட்டுக் கடன் கமிஷன் அதில் சிக்கவில்லை. கடன் கைக்கு வந்ததும் தரகருக்கு ஒரு தொகை, பிறகு நிலுவை உள்ளவரை ஒரு சிறு பங்கு. கடனைச் சீக்கிரம் அடைக்கச் சொல்ல வேண்டியவருக்கு, அது அடையாதவரைதான் வரும்படி.

குடும்பத்தின் வரவு செலவு, காப்பீடு, ஓய்வுக்காலச் சேமிப்பு எல்லாம் அறிந்தவரே கடனையும் பார்ப்பது நல்லதுதானே என்பார்கள். நல்லதுதான், அதற்குக் கடன் கொடுப்பவரிடம் கூலி வாங்க வேண்டியதில்லை. கடன் வாங்குபவரே கட்டணம் தரட்டும் என்று, நிதித்துறை முறைகேடுகளை விசாரித்த ஹெய்ன் ஆணையம் 2019-ல் பரிந்துரைத்தது. அப்படிச் செய்தால் மக்கள் பெரிய வங்கிகளுக்கே திரும்புவார்கள், போட்டி குறையும் என்று தரகர்கள் எதிர்த்தனர். அந்த அச்சத்தில் நியாயம் உண்டு. அரசும் அந்தப் பரிந்துரையை ஏற்கவில்லை. 2021 ஜனவரி முதல் வாடிக்கையாளர் நலனே முதன்மை என்பது தரகரின் சட்டக் கடமையானது, கமிஷனும் தொடர்ந்தது. எனவே ஆலோசனைக்குத் தனிக் கட்டணம் வாங்கும் நிறுவனமாவது, கடன் கமிஷனை அதில் கழித்துக்கொள்வதே நேர்மை.