வானிலிருந்து பயிர்நோய் அறிதல்: ஹெலிகாப்டர் முதல் டிரோன் வரை

பயிரைத் தொடாமலே, அதிலிருந்து திரும்பும் ஒளியை அளந்து அதன் நலத்தை அறியும் முறை தொலையுணர்வு எனப்படும். இந்தியாவில் இது செயற்கைக்கோளுடன் தொடங்கியதாகப் பலர் கருதுவர். உண்மையில் இந்நாட்டின் முதல் முயற்சி, கேரளத் தென்னந்தோப்புகளின் மேல் பறந்த ஹெலிகாப்டரிலிருந்து நடந்தது.

தென்னையும் அகச்சிவப்புப் படமும்

1882 வெள்ளத்திற்குப் பின் மத்தியத் திருவிதாங்கூரில் தென்னை வேர் வாடல் நோய் காணப்பட்டது. தமிழ்நாட்டில் இதைக் கேரள வாடல் நோய் என்பர். மரம் உடனே சாவதில்லை. ஆண்டுதோறும் காய்ப்புக் குறையும். நோயுற்ற மரத்தைக் காலத்தில் இனங்காண்பதே உழவரின் சிக்கலாக இருந்தது.

1970ஆம் ஆண்டையொட்டி, இந்தியத் தொலையுணர்வின் தந்தை எனப்படும் பி. ஆர். பிஷாரடி தலைமையிலான குழு இத்தோப்புகளை அகச்சிவப்பு வண்ணப் படச்சுருளில் படமெடுத்தது. நலமான இலை அண்மை அகச்சிவப்பு ஒளியை மிகுதியாகத் திருப்பி அனுப்பும்; அது படத்தில் சிவப்பாகத் தெரியும். இலை நலிந்தால் அச்சிவப்பு மங்கும். அமெரிக்காவில் ராபர்ட் கோல்வெல் 1956இல் தானியப் பயிர்நோய்களுக்கு இம்முறையின் பயனை விளக்கியிருந்தார்.

ஆயினும் படம் காட்டியது நோயுற்ற மரத்தை மட்டுமே. பைட்டோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிரே காரணம் என்பதும், கண்ணாடி இறக்கைப் பூச்சியும் தத்துப்பூச்சியும் அதைப் பரப்புகின்றன என்பதும் பின்னர் தரையில் நடந்த ஆய்வுகளால் தெரியவந்தன.

செயற்கைக்கோளும் சிறு வயலும்

1988 மார்ச் 17 அன்று ஐ.ஆர்.எஸ்.-1ஏ செயற்கைக்கோள் ஏவப்பட்டது. அதன் ஒரு கருவி தரையை 72.5 மீட்டர் பக்கமுள்ள சதுரங்களாகப் பார்த்தது. ஒரு சதுரம் ஏறத்தாழ 1.3 ஏக்கர். மாவட்டத்தின் சாகுபடிப் பரப்பைக் கணிக்க இது உதவியது. ஆனால் நெல்லும் நிலக்கடலையும் விளையும் திருவண்ணாமலை வட்டாரத்தில் ஒரு சிறு உழவரின் வயல் முழுவதும் அச்சதுரம் ஒன்றினுள் அடங்கிவிடும். வயலின் எந்த மூலையில் பூச்சி விழுந்தது என்பதை அது சொல்லாது.

2004இல் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் துல்லியப் பண்ணையத் திட்டம் தொடங்கியது. அதன் மையம் சொட்டுநீரும் நீர்வழி உரமுமே; வான்வழிக் கண்காணிப்பு அன்று.

மீண்டும் தாழ்வாக

2020இல் ராஜஸ்தானில் வெட்டுக்கிளிகள் மீது டிரோன் மூலம் மருந்து தெளிக்கப்பட்டது. 2021இல் டிரோன் விதிகளும், பூச்சிமருந்துத் தெளிப்புக்கான நடைமுறைகளும் வந்தன. இதனால் கேமரா மீண்டும் வயலுக்கு நெருங்கி வந்தது; இன்று சில சென்டிமீட்டர் அளவிலான வேறுபாடும் படத்தில் தெரியும்.

எனினும் பழைய வரம்பு நீங்கவில்லை. நெல்லில் புகையான் தூரின் அடியில், நீர்மட்டத்தை ஒட்டி இருந்து சாறு உறிஞ்சும். மேலிருந்து பார்க்கும்போது பயிர் வட்ட வட்டமாகக் காய்ந்தது தெரியும், பூச்சி தெரியாது. அந்த வட்டத்தைக் காப்பாற்றும் காலம் பெரும்பாலும் கடந்திருக்கும். சுற்றியுள்ள பயிரைக் காக்க நேரம் உண்டு. படம் காட்டிய இடத்திற்கு உழவர் சென்று, தூரை விலக்கி, பூச்சியை எண்ணிப் பார்க்க வேண்டும். நீர்ப் பற்றாக்குறையாலும் சத்துக் குறைவாலும் பயிர் இதேபோல் வெளிறும் என்பதால், இச்சோதனையின்றி மருந்து தெளிப்பது செலவை வீணாக்கும். புகையானைத் தின்னும் சிலந்திகளையும் கொல்லும்.