ஏட்டுச் சுரைக்காயும் ஆறு தந்தியும்

‘ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது’ என்பது நம் முன்னோர் வாக்கு. இசைக்கலைக்கு இவ்வாக்குச் சாலவும் பொருந்தும் என்று கருதுவோர் பலர். குருவின் எதிரே அமர்ந்து, அவர் பாடக் கேட்டு, தாமும் பாடித் திருத்தம் பெறுவதே இசைக் கல்வி என்பது நம் மரபு. ஆயின் இன்றோ, காலனி இல்லங்கள் பலவற்றில் மாலை வேளையில் கித்தாரை மடிமீது ஏந்திய பிள்ளைகள் கணினித் திரையை நோக்கி அமர்ந்திருக்கின்றனர். ஆசான் இருப்பது கடல் கடந்த நாட்டில். பாடம் வருவது இணையத்தின் வழியே. இஃது ஆக்கமா, கேடா என்னும் ஐயம் பெற்றோர் உள்ளத்தில் எழுதல் இயல்பே. வரலாற்றைப் புரட்டினால், இவ்வையம் ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு மூத்தது என்பது புலனாகும்.

பதினொன்றாம் நூற்றாண்டில் இத்தாலி நாட்டில் கீதோ என்னும் கிறித்தவத் துறவி வாழ்ந்தார். பாடல்களைக் காதால் கேட்டே மனனம் செய்யும் முறையால் மாணவரின் ஆண்டுகள் பல வீணாகக் கழிவதைக் கண்டு அவர் வருந்தினார். கோடுகளை வரைந்து, அவற்றின்மேலும் இடைவெளியிலும் சுரங்களைக் குறிக்கும் முறையைச் செம்மைப்படுத்தினார். ஒரு துதிப் பாடலின் அடிகள் தொடங்கும் அசைகளைக் கொண்டு, ‘உத், ரே, மி, பா, சோல், லா’ எனச் சுரங்களுக்குப் பெயரும் இட்டார். கேட்டறியாத பாடலையும் ஏட்டைப் பார்த்தே பாடலாம் என்னும் நிலை பிறந்தது. ஆசான் முதன்முதல் ஏட்டில் ஏறிய கதை இதுவே எனலாம்.

கித்தாரின் கதைக்கு வருவோம். 1536-இல் ஸ்பெயின் நாட்டு வலென்சியா நகரில் லூயிஸ் மிலான் என்பார் ஒரு நூலை அச்சிட்டார். கித்தாரின் உறவுக் கருவியாகிய விகுவேலாவை, அதுகாறும் தொட்டறியாதவனுக்கும் எளியதிலிருந்து அரியது வரை படிப்படியாகக் கற்பிப்பது அந்நூல். அதன் பெயரே ‘ஆசான்’ எனப் பொருள்படும் ‘எல் மாயெஸ்த்ரோ’! தந்திக்கு ஒரு கோடு, மெட்டுக்கு ஓர் எண் என்பது அந்நூலின் முறை. இன்று இணையத்தில் ‘டேப்’ என்று பிள்ளைகள் வழங்குவதும் அடிப்படையில் இம்முறையே.

அடுத்து 1596-இல் ஹுவான் கார்லோஸ் அமாத் என்னும் மருத்துவர், கித்தாருக்கெனவே ஒரு சிறு நூலைப் பார்சிலோனாவில் வெளியிட்டார். பல சுரங்கள் ஒருங்கே ஒலிக்கும் ‘கார்டு’ எனும் கூட்டொலிகளை, பன்னிரு சுரத்தானங்களுக்கும் இரு வகையாக வகுத்து எண்ணிட்டுக் காட்டினார். இருபத்து நான்கு கூட்டொலிகளும் ஒரு கைந்நூலில் அடங்கின. இவ்வெளிய நூல் இரு நூற்றாண்டு கடந்தும் மீண்டும் மீண்டும் அச்சேறியது.

இனி, கித்தாரின் மெட்டுகளுக்கு அடிப்படையான கணக்கைச் சற்று நோக்குவோம். வானியல் அறிஞர் கலிலியோவின் தந்தை வின்சென்சோ கலிலி, 1581-இல் வெளியிட்ட நூலில் ஒரு வழி கூறினார். தந்தியின் நீளத்தைப் பதினெட்டாகப் பகுத்து ஒரு பங்கில் முதல் மெட்டை வைக்க; எஞ்சியதை மீண்டும் பதினெட்டாகப் பகுத்து அடுத்த மெட்டை வைக்க என்பதே அது. 650 மில்லிமீட்டர் தந்தியில் பன்னிரண்டாம் மெட்டு நடுவே, 325-இல் அமைந்தால்தான் மேல்ஸ்தாயி ஷட்ஜம் சரியாக ஒலிக்கும். கலிலி கணக்கின்படி எஞ்சும் நீளம் 327 மில்லிமீட்டருக்குச் சற்று மிகும். அவ்வளவே பிழை! இன்று பதினெட்டுக்கு மாறாக 17.817 என்னும் எண்ணால் வகுக்கின்றனர்.

ஒரு ஸ்தாயிக்குப் பன்னிரு மெட்டு என்றவுடன் நம் வீணை நினைவுக்கு வருதல் வேண்டும். மேலை நாட்டு மாணவன் முதன்முதல் பயிலும் ‘மேஜர் ஸ்கேல்’ என்பது நமது இருபத்தொன்பதாம் மேளமாகிய தீரசங்கராபரணத்தின் சுரவரிசையே. ஒரே தந்தியில் இரண்டு, இரண்டு, ஒன்று, இரண்டு, இரண்டு, இரண்டு, ஒன்று என மெட்டுகளைக் கடந்தால் அது ஒலிக்கும். ஸ-க-ப மூன்றையும் ஒருங்கே மீட்டினால் மேஜர் கார்டு. அந்தர காந்தாரத்துக்குப் பதில் சாதாரண காந்தாரத்தைச் சேர்த்தால் மைனர் கார்டு. ஸ-க-ப, ம-த-ஸ, ப-நி-ரி என்னும் மூன்று கூட்டொலிகளுள் ஏழு சுரங்களும் அடங்கிவிடும். எளிய பாடல்கள் பல இம்மூன்றிலேயே முடிந்துவிடுவதன் காரணம் இதுவே. சரளி வரிசை பயின்ற தாயொருத்தி, மகன் திரையில் காணும் பாடத்தைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. அதன் பாதியை அவள் முன்பே அறிவாள்.

இந்த உறவு நம் முன்னோர்க்கும் புதிதன்று. முத்துசுவாமி தீட்சிதர் (1775–1835) மேலை நாட்டு மெட்டுகளுக்குச் சங்கராபரணத்தில் வடமொழிச் சாகித்தியம் அமைத்தார், அவையே நோட்டுசுரங்கள். அவர்தம் இளவல் பாலுசுவாமி தீட்சிதரோ பிடிலைப் பயின்று நம் இசைக்கு உரியதாக்கினார். 1892-இல் சின்னசாமி முதலியார் நம் கீர்த்தனைகளை மேலை நாட்டுச் சுரக்குறியில் அச்சிடத் தொடங்கினார். குடும்பச் செல்வமாகக் காத்துவந்த தீட்சிதர் கிருதிகளை ஏட்டில் வெளியிடுமாறு சுப்பராம தீட்சிதரிடம் அவர் வேண்டினார். அதன் பயனாக 1904-இல் எட்டயபுரத்தில் ‘சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி’ வெளிவந்தது. பொத்திக் காத்திருந்தால் அச்செல்வத்துள் எவ்வளவு நமக்கு எஞ்சியிருக்கும்? அவ்வெழுத்தே அதனைக் காத்தது.

இருபதாம் நூற்றாண்டில் இப்போக்கு வலுத்தது. கித்தாரைக் கச்சேரி மேடைக்கு உயர்த்திய ஆந்திரே செகோவியா பெரும்பாலும் தாமே பயின்றவர். அவர் 1953-இல் வெளியிட்ட ஸ்கேல் பயிற்சிகளை இன்றும் மாணவர் பயில்கின்றனர். 1957-இல் இங்கிலாந்தில் பெர்ட் வீடன் வெளியிட்ட ‘பிளே இன் எ டே’ என்னும் நூலைக் கொண்டு தொடங்கியோருள் ஜார்ஜ் ஹாரிசனும் எரிக் கிளாப்டனும் உளர். 1992-இல் அமெரிக்காவின் நெவாடா பல்கலைக்கழகக் கணினியில், அன்பர்கள் தம் காதால் கேட்டு எழுதிய கித்தார் குறிப்புகளின் இணையக் களஞ்சியம் தோன்றியது. பாடல் உரிமையாளரின் எதிர்ப்பால் 2006-இல் அது மூடப்பட்டது. எனினும் அதற்கு முந்தைய ஆண்டிலேயே யூடியூப் தோன்றிவிட்டது. ஆசானின் விரலையும் குரலையும் திரையிற் காணும் காலம் பிறந்தது.

ஆதலின் ஏட்டையும் திரையையும் இகழ்தல் தகாது. ஆசான் கிட்டாத ஊரில் பிறந்தவனுக்கும், கட்டணம் செலுத்த இயலாதவனுக்கும் கலையின் வாயிலைத் திறந்தவை அவையே. மொழி வேறான ஊரில் வாழும் நம்மனோர்க்கு இதன் அருமை நன்கு தெரியும்.

ஆயினும் பழமொழியும் பொய்யன்று. திரையில் தோன்றும் ஆசான் பேசுவார். பிள்ளை வாசிப்பதைக் கேளார். சுருதி பிசகினால் சுட்டிக் காட்டும் செயலிகள் உண்டு. விரல் மெட்டை ஒட்டி அழுந்தாது தந்தி கரகரப்பதையும், மணிக்கட்டு வளைந்து வலிப்பதையும், கடினமான இடத்தில் தாளம் தயங்குவதையும், அதனினும் மேலாகப் பிள்ளையின் முகம் வாடுவதையும் காண அருகில் ஒருவர் வேண்டும். கீதோவின் ஏட்டையும் கோயிலிற் கூடிப் பாடியோரே உயிர்ப்பித்தனர்.

அவ்வொருவர் கித்தார் வித்துவானாக இருத்தல் வேண்டும் என்பதில்லை. நம் காலனியில் வீணை பயின்ற பாட்டிமார் உளர். பிடில் அறிந்த தாய்மார் உளர். ஏதும் பயிலாவிடினும் செவிச்செல்வம் உடையோர் பலர் உளர். வாரத்தில் அரைமணி நேரம் அப்பிள்ளைகளின் அருகே அமர்ந்து கேட்போமாயின், திரை தரும் பாடம் இசையாக மலரும். ஏட்டுச் சுரைக்காயைக் கறியாக்குவது கேட்கும் செவியே.