சொல்லும் எளிய பொருளும்



ஆங்கில நூல் ஒன்றைப் படிக்கும் சிறுவன், விளங்காத சொல் ஒன்றைக் கண்டு அகராதியைப் புரட்டுகிறான். அங்கே அச்சொல்லினும் கடினமான இரண்டு சொற்கள் பொருளாக எழுதப்பட்டிருக்கின்றன. அவற்றுக்குப் பொருள் தேடினால் வேறு நான்கு சொற்கள் எதிர்ப்படுகின்றன. திறவுகோல் தேடிச் சென்றவனுக்குப் பூட்டுகளே கிடைக்கின்றன. இத்துன்பத்துக்கு முறையான மருந்து காண முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயின. அவ்வரலாற்றைச் சிறிது காண்போம்.

ஆங்கிலச் சொற்களுக்கு ஆங்கிலத்திலேயே பொருள் கூறும் முதல் அகராதி 1604ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதனைத் தொகுத்தவர் ராபர்ட் காட்ரி என்னும் பள்ளி ஆசிரியர். இலத்தீன், கிரேக்கம், பிரெஞ்சு முதலிய மொழிகளிலிருந்து வந்து புகுந்த அருஞ்சொற்கள் ஏறத்தாழ 2,500ஐ எடுத்துக்கொண்டு, பெரும்பாலும் ஓரிரு சொற்களில் அவர் பொருள் எழுதினார். அன்றாடச் சொற்களை எல்லாரும் அறிவர் என்று விட்டுவிட்டார்.

1755இல் வெளிவந்த சாமுவேல் ஜான்சனின் பேரகராதி, 40,000க்கு மேற்பட்ட சொற்களுக்குப் பொருள் கூறியது. அன்றாடச் சொற்களும் அதில் இடம்பெற்றன. தொல்லையும் அங்கேதான் தோன்றியது. வலைப்பின்னலைக் குறிக்கும் எளிய சொல்லுக்கு அப்பேரறிஞர் எழுதிய விளக்கம், இலத்தீன் வழிச் சொற்களால் நிறைந்து நகைப்புக்கு இடமாயிற்று. விளக்கப்படும் சொல்லினும் எளிய சொல் எப்பொழுதும் கிடைப்பதில்லை என்று அவரே தம் முன்னுரையில் ஒப்புக்கொண்டார்.

இதற்கு வழி கண்டவர், டாக்கா நகரில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரித் தலைவராக விளங்கிய மைக்கேல் வெஸ்ட். வங்காளச் சிறுவர் பலர் படிப்பை இடையில் நிறுத்திவிடுவதை அவர் கண்டார். ஆயுள் காப்புறுதியை இடையில் விட்டவனுக்கும் ஒரு தொகை கிடைக்கிறது. அதுபோல, ஈராண்டே ஆங்கிலம் கற்றவனுக்கும் அவ்வளவுக்குரிய பயன் எஞ்ச வேண்டும் என்று 1926இல் வெளிவந்த தம் நூலில் அவர் வற்புறுத்தினார். அப்பயனுள் முதன்மையாக அவர் கருதியது தானே படித்து உணரும் ஆற்றல்.

1935இல் ஜேம்ஸ் எண்டிகாட்டுடன் சேர்ந்து அவர் ஓர் அகராதி வெளியிட்டார். முதலில் 1,490 சொற்களைத் தெரிந்தெடுத்து, அவற்றைக் கொண்டே ஏறத்தாழ 24,000 சொற்களையும் தொடர்களையும் விளக்கினார். அம்முறை எளிதில் விளங்குவதே. 'குழந்தை', 'பெற்றோர்', 'இறந்த' என்பவற்றுக்குரிய ஆங்கிலச் சொற்களை அறிந்த மாணவனுக்கு 'ஆர்ஃபன்' என்னும் புதுச்சொல்லின் பொருளை அவற்றாலேயே உணர்த்திவிடலாம். 1978இல் வந்த லாங்மன் அகராதியும் ஏறத்தாழ 2,000 சொற்களைக் கொண்டு இவ்வழியையே பின்பற்றியது. மொழி கற்போருக்காக இன்று வெளிவரும் அகராதிகள் பல இம்முறையைக் கையாளுகின்றன.

நண்பர்களே, எளிய பொருள் எழுதுவது அரிய உழைப்பு. கற்பவன் எப்படியில் நிற்கிறான் என்பதை அறிந்து, அங்கே இறங்கிச் சென்று கைகொடுப்பவனுக்கே அது கைகூடும். நீங்கள் ஒரு சொல்லுக்குப் பொருள் எழுதும்போது, உங்கள் தம்பியோ தங்கையோ அதனைப் படித்துப் பிறர் உதவியின்றி உணர முடியுமா என்று பாருங்கள். முடியுமாயின், அச்சொல்லை நீங்களும் நன்கு அறிந்தவராவீர்கள்.