ரூபாவும் வெள்ளியின் நிறையும்

ஒரு காலத்தில் தட்டாரின் தராசிலே ஒரு தட்டில் வெள்ளி நகையும் மறு தட்டில் ரூபா நாணயங்களும் இருந்தன. தராசு சமனாவதற்கு எத்தனை ரூபா வேண்டுமோ, ஏறக்குறைய அத்தனை ரூபாவே அந்த வெள்ளியின் பெறுமதி. நிறைகல்லும் விலைப்பணமும் ஒன்றாய் இருந்த அக்காலம் எவ்வாறு தோன்றி எவ்வாறு மறைந்தது என்பதை அறிந்தால், வெள்ளி விலையின் இயல்பும் விளங்கும்.

1835ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனி தன் ஆட்சிப் பகுதிகளுக்கு ஒரே அளவான ரூபாவை வகுத்தது. அதன் நிறை 180 கிறெயின். அதாவது ஒரு தோலா, இன்றைய கணக்கில் 11.66 கிராம். அதில் 165 கிறெயின் தூய வெள்ளி; எஞ்சியது கலப்பு உலோகம். வெள்ளியை நாணயசாலைக்குக் கொண்டு சென்ற எவரும் சிறு கட்டணம் செலுத்தி அதனை ரூபாவாக்கிக் கொள்ளலாம். இவ்வுரிமை இருந்தவரை வெள்ளியின் விலை ரூபாவின் பெறுமதியை விட்டு அதிகம் விலகவில்லை. இலங்கையும் 1872ஆம் ஆண்டில் அந்த ரூபாவையே நூறு சதங்களாகப் பகுத்துத் தன் நாணயமாக ஏற்றது.

ஆகவே, குடியானவர் வீட்டுத் தண்டையும் காப்பும் அணிகலன்கள் மட்டுமல்ல. அவை அவர்களின் சேமிப்புமாகும். 1876 முதல் 1878 வரை இந்தியாவை வாட்டிய பஞ்சத்தின்போது பெருந்தொகையான வெள்ளி நகைகள் பம்பாய் நாணயசாலையை வந்தடைந்தன.

இதற்கிடையில் உலகச் சந்தை மாறிற்று. ஜேர்மனி முதலிய நாடுகள் பொன் நாணயத்துக்கு மாறின. அமெரிக்கச் சுரங்கங்கள் வெள்ளியை மிகுதியாகத் தந்தன. 1871இல் இலண்டனில் ஓர் அவுன்சு வெள்ளி ஏறத்தாழ 60 பென்சு. 1892இல் அது 40 பென்சுக்கும் கீழே இறங்கிற்று. பிரித்தானியாவுக்குப் பொன் நாணயக் கணக்கில் பணம் செலுத்த வேண்டியிருந்த இந்திய அரசாங்கம் இடர்ப்பட்டது. ஹேர்ஷல் பிரபுவின் குழு ஆராய்ந்தபின், 1893 யூன் மாதத்தில், பொதுமக்களின் வெள்ளியை நாணயமாக்கும் உரிமை நீக்கப்பட்டது.

அன்று முதல் ரூபா வேறு, வெள்ளி வேறு ஆயின. அரசாங்கம் ரூபாவின் பெறுமதியை 16 பென்சாக நிலைநிறுத்த முயன்று, சில ஆண்டுகளில் அதனை எய்தியது. வெள்ளியோ மேலும் வீழ்ந்தது. 1902ஆம் ஆண்டின் இலண்டன் சராசரி விலைப்படி, 20 ரூபா நிறையும் ரூபாவுக்கு ஒத்த மாற்றும் உடைய நகையின் வெள்ளி ஏறத்தாழ 11 ரூபாவே பெறும். நகையின் நிறை ஒரு குன்றிமணியும் குறையவில்லை. ஏழையின் சேமிப்போ ஏறக்குறையப் பாதியாயிற்று.

முதலாம் உலகப் போர்க்காலத்தில் நிலைமை தலைகீழாயிற்று. 1917இல் வெள்ளி 43 பென்சைக் கடந்தபோது ரூபாவிலுள்ள உலோகம் ரூபாவிலும் விலை பெற்றதாயிற்று. நாணயத்தை உருக்குவதை அரசாங்கம் தடை செய்தது. மறு ஆண்டில் அமெரிக்கா இந்தியாவின் தேவைக்காக 20 கோடி அவுன்சு வெள்ளியை விற்க நேர்ந்தது.

இவ்வரலாறு உணர்த்துவது யாதெனில், நிறை என்பது விலையன்று. விலையைக் கணக்கிடும் அளவே அது. நிறையோடு மாற்றையும் அன்றைய சந்தை விலையையும் சேர்த்தே வெள்ளியை மதிக்க வேண்டும். 925 எனப் பொறித்த 100 கிராம் நகையில் தூய வெள்ளி 92.5 கிராமே. வாங்குபவர் செய்கூலியையும் சேர்த்துக் கொடுக்கிறார். விற்கும்போது அக்கூலி பெரும்பாலும் திரும்புவதில்லை. கல், அரக்கு ஆகியவற்றின் நிறையும் கழிக்கப்படும். பழைய தராசில் ரூபாவே இவற்றுட் பலவற்றை ஒருங்கே சொல்லிற்று. இன்று அவற்றை ஒவ்வொன்றாகக் கேட்டறிவது வாங்குபவருக்கும் விற்பவருக்கும் உரிய கடமையாகும்.